வகை: சாணக் கரைசல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை நானாக யோசித்து எழுதியதல்ல, கேட்டு வாங்கப்பட்டது. ஒரு கடிதம் வந்தது. அரசாங்கமும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு வைத்திருக்கின்றன. குப்பையிலிருந்தும் சாணத்திலிருந்தும் எரிவாயு எடுப்பதை வளர்ப்பது அதன் வேலை. குழுவுக்கு ஐந்து வயது நிறைகிறதாம், மலர் போடுகிறார்களாம். அதில் 'ஒத்துழைப்பின் உயர்வை உணர்த்தும் விதமாக' ஒரு சிறுகதை வேண்டுமாம். இரண்டாயிரம் சொற்களுக்கு மிகாமல். முடிவு நல்லவிதமாக அமைந்தால் நலம்.

இப்படிக் கடிதம் வந்தால் எழுத்தாளர்கள் நண்பர்களிடம் படித்துக் காட்டிச் சிரிப்பார்கள், அப்புறம் வசதியாக மறந்துவிடுவார்கள். நானும் சிரித்தேன். மறக்கத்தான் முடியவில்லை. காரணம் என் அக்கா.

போன வருஷம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, அரசு மருத்துவமனையில் நாற்பத்தொரு நாள் படுத்திருந்தாள். துணைக்கு நான். தினமும் காலை ஆறு மணிக்கு வார்டின் கோடியில் இருக்கும் குழாயில் வெந்நீர் வரும். அநேக நாள் கை வைக்க முடியாத சூடு. வாளியில் பிடித்து, பச்சைத் தண்ணீர் விளாவி, துண்டை நனைத்துப் பிழிந்து அக்காவின் முதுகைத் துடைத்துவிடுவேன். துண்டு பட்டதும் அவள் கண்ணை மூடிக்கொண்டு "அப்பாடா" என்பாள். நாள் முழுக்க அவள் வாயிலிருந்து வரும் ஒரே நல்ல வார்த்தை அதுதான். அதற்காகவே நான் ஐந்தரைக்கு எழுந்து வரிசையில் நின்றேன்.

"எல்லாம் குப்பை வாயு புண்ணியம்மா" என்றாள் வார்டு ஆயா. "முன்னெல்லாம் விறகு அடுப்புதான். வாரத்துல ரெண்டு நாள் தண்ணி சுட்டா அதிசயம்."

வீடு திரும்பும் அன்று டாக்டருக்கு நன்றி சொன்னேன், நர்சுகளுக்குச் சொன்னேன், ஆயாவுக்கும் சொன்னேன். வெந்நீருக்கு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. மலர்க் குழுவின் கடிதம் வந்ததும், ஆளைத் தேடிப் பிடிக்க ஒரு சாக்கு கிடைத்தது என்று ஒப்புக்கொண்டேன்.

2

தொடக்கத்துக்குத்தான் படாத பாடு பட்டேன். மூன்று எழுதினேன்.

"விடியலின் பொன்னொளியில் எரிவாயு நிலையத்தின் மாபெரும் கலன்கள் தலைநிமிர்ந்து—"

[விட்டுவிட்டேன். கலனுக்குத் தலை கிடையாது. அதோடு நான் போனது மத்தியானம் இரண்டரைக்கு.]

"மேலாளர் மேசையில் ஓங்கிக் குத்தினார். 'நாடு முன்னேற வேண்டுமானால், அரசும் தொழிலும்—'"

[இதையும் விட்டாயிற்று. மேசையைக் குத்திக்கொண்டு எந்த மேலாளரும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் பார்த்த மேலாளர் வெயிலில் நின்று ஒரு அடைத்த குழாயைக் குச்சியால் குத்திக்கொண்டிருந்தார்.]

மூன்றாவது இது:

அந்த எடைமேடை அறையில் இரண்டு நாற்காலிகள் இருந்தன.

இது நிற்கும் போலிருக்கிறது. தொடர்கிறேன்.

ஒன்று அரசாங்கத்து நாற்காலி. மரத்தில் செய்தது, முதுகில் வெள்ளைப் பெயின்ட்டில் எண் எழுதியது. இன்னொன்று கம்பெனி நாற்காலி. பிளாஸ்டிக், ஒரு கை உடைந்தது. காய்கறிச் சந்தைக் கழிவை ஏற்றிக்கொண்டு நகராட்சி லாரி வரும், மேடையில் ஏறி நிற்கும், ஜன்னலுக்கு மேலே சிவப்பு எண்கள் ஓடி அடங்கும். சீட்டு அச்சாகும். அதில் நாள், எடை, வகை என்று மூன்று கட்டங்கள், அடியில் இரண்டு கையெழுத்துக்கு இடம். நகராட்சிக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று. ஒன்று குறைந்தாலும் லாரி உள்ளே போகாது. கைகோப்பது, தோள்கொடுப்பது என்றெல்லாம் மேடைகளில் பேசுகிறார்களே, நான் பார்த்த வரையில் அது நடப்பது இந்தச் சீட்டின் அடியில்தான்.

மர நாற்காலியில் இருப்பவர் நகராட்சி எழுத்தர். முப்பத்துமூன்று வருஷ சர்வீஸ். இந்த மாதக் கடைசியில் ஓய்வு. எல்லோரும் அவரைத் தராசு என்பார்கள், அவரும் அந்தப் பேருக்குத்தான் திரும்பிப் பார்ப்பார். பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பவள் கம்பெனியின் ஆய்வகப் பொறுப்பாளர். முப்பது வயதுக்காரி. ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஒரு குவளைக் கழிவை எடுத்துச் சோதிப்பதும், சீட்டில் கையெழுத்து இடுவதும் அவள் வேலை. அவள் அவரைச் 'சார்' என்பாள். அவர் அவளை 'மேடம்' என்பார். இரண்டு வருஷமாக ஒரே அறையில் அவ்வளவுதான் பேச்சு.

தராசுவுக்கு ஒரு கொள்கை உண்டு. "எடையைப் பாக்காம கையெழுத்துப் போடக் கூடாது. பொண்ணோட கல்யாணப் பத்திரமா இருந்தாலும் சரி."

[இவர்மேல் எனக்கே சந்தேகம் வந்தது. இவ்வளவு சுத்தமான ஆளைக் கதையில் வைத்தால் வாசகர் நம்புவாரா? அதனால் நான் கண்ணால் கண்டதையும் சேர்த்துவிடுகிறேன்: பேனா மூடியால் காது குடைவார். அடுத்தவர் செய்தித்தாளை வாங்கித் திருப்பியே தர மாட்டார். டீ ஆறியிருந்தால் சண்டைக்குப் போவார்.]

3

கலனை அங்கே யாரும் கலன் என்று சொல்வதில்லை. வயிறு என்கிறார்கள். பொருத்தமான பேர்தான். காய்கறிக் கழிவை அரைத்துக் கூழாக்கி உள்ளே விட்டால், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் தின்று வாயுவாக மாற்றும். வாயு குழாய் வழியே மருத்துவமனைச் சமையலறைக்கும் வெந்நீர்க் கொதிகலனுக்கும் போகும். கிருமிகளில் இரண்டு ஜாதி. முதல் ஜாதி கழிவைத் தின்று புளிப்பாக்கும், இரண்டாவது அந்தப் புளிப்பைத் தின்று வாயுவாக்கும். முன்னது அவசரக் குடுக்கை, பின்னது நிதானம். அளவுக்கு மேல் போட்டால் புளிப்பு மண்டி, நிதானக்காரர்கள் செத்துப்போவார்கள். நாளைக்கு எட்டு டன் என்பது கணக்குப் போட்டு வைத்த அளவு.

போன வருஷம் தலைநகரிலிருந்து ஒரு குழு பார்வையிட வந்தது. மூன்று நாள் தங்கினார்கள்.

நகராட்சி அதிகாரிக்கு, நாங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் தருவோம் என்று காட்ட ஆசை. "பெரியவங்க வந்திருக்கிற நேரத்துல எட்டு டன் அனுப்பினா நல்லாவா இருக்கும்? ரெண்டு லாரி சேத்து விடுங்க."

கம்பெனி மேலாளருக்கு, நாங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் வாங்குவோம் என்று காட்ட ஆசை. "அவங்க ஆசையா அனுப்பியிருக்காங்க. வேணாம்னு திருப்பினா மரியாதையா இருக்காது."

'போதும்' என்று சொல்ல இரண்டு தரப்புக்கும் கூச்சம். ஆய்வகப் பொறுப்பாளர் "அதிகம் சார்" என்று ஒருமுறை சொன்னாள். மேளச் சத்தத்தில் சங்கு ஊதினது மாதிரி ஆயிற்று. மூன்று நாளும் நாளுக்குப் பதினேழு டன். தராசு எடையைப் பார்த்தார், கையெழுத்து இட்டார்.

"எடையைப் பாத்துட்டுத்தான் போட்டேன்" என்றார் என்னிடம். "எடையைப் பாத்தேன். வயித்தப் பாக்கல."

வந்தவர்கள் ஆள் உயரத்துக்கு எரிந்த நீலச் சுடரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள். ஐந்தாம் நாள் சுடர் முழ உயரமாயிற்று. ஆறாம் நாள் சாண்.

அவள் சோதனைத் தாளைக் கொண்டுவந்து மர மேசையில் வைத்தாள். "புளிச்சுப் போச்சு சார். இன்னும் ரெண்டு நாள் தீனி போட்டா அவ்வளவுதான். திறந்து காலி பண்ணி மறுபடி ஆரம்பிக்க ஆறு மாசம்."

"என்ன வைத்தியம்?"

"பத்து நாள் பட்டினி."

"லங்கணம் பரம ஔஷதம்" என்றார் தராசு. அப்புறம் அவர் முகம் மாறியது.

ஏனென்றால் ஒப்பந்தம். தினமும் எட்டு டன் மட்கும் கழிவை அரசு தர வேண்டும், கம்பெனி வாங்க வேண்டும். தொடர்ந்து மூன்று நாள் தவறினால் ஒப்பந்தம் தானாக முறியும். யாரும் யாரையும் ஏமாற்றிவிடக் கூடாது என்று இரு தரப்பும் உட்கார்ந்து பேசி வைத்த விதி. வயிற்றுக்கு உடம்பு சரியில்லாமல் போகும் என்று பேசினவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒப்பந்தம் முறிந்தால் மறுபடி விண்ணப்பம், மறுபடி குழு, மறுபடி இரண்டு வருஷம். அதுவரை வார்டில் விறகடுப்பு. ஊட்டினால் வயிறு சாகும், ஊட்டாவிட்டால் ஒப்பந்தம் சாகும்.

4

[இந்த இடத்தில் ஒரு நாயகன் வந்து தீர்த்து வைக்க வேண்டும். வரவில்லை. வந்தது ஒரு டேங்கர்.]

யோசனை அவளுடையது பாதி, அவருடையது பாதி. ஆரோக்கியமான சாணவாயுக் கலனிலிருந்து செரித்து முடிந்த கரைசல் எடுத்து ஊற்றினால் பட்டினியும் கெடாது, புளிப்பும் நீர்க்கும், நிதானக்காரக் கிருமிகளும் புதிதாக வந்து சேரும் என்றாள் அவள். அரசாங்கப் பால் பண்ணையில் அப்படி ஒரு பழைய கலன் இருக்கிறது, பண்ணை மேற்பார்வையாளர் தனக்குத் தெரிந்தவர் என்றார் அவர். அந்தப் பண்ணையின் டேங்கர் எட்டு டன் பிடிக்கும். சாணக் கரைசலும் மட்கும் பொருள். கொடுப்பதும் அரசாங்கம்தான்.

தராசு தன் அதிகாரிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

"பாத்துச் செய்ங்க" என்றார் அதிகாரி.

(இந்த இரண்டு சொல்லை எந்தக் கோப்பிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பாதி அரசாங்கம் இதில்தான் ஓடுகிறது.)

மறுநாள் காலை டேங்கர் மேடையில் ஏறியது. சந்தை லாரியைப் பால் பண்ணைக்குத் திருப்பிவிட்டார்கள். நல்ல தழையெல்லாம் மாட்டுக்கு, மீதி எருக்குழிக்கு. தராசு சீட்டை எடுத்தார். 'வகை' என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"வழக்கம்போல சந்தைக் கழிவுன்னே எழுதிடுங்களேன் சார். யார் வந்து பாக்கப் போறாங்க?"

"சாணியச் சந்தைக் கழிவுன்னு எழுதினா நாளைக்கு முட்டைக்கோஸ் என்னைப் பாத்துச் சிரிக்கும், மேடம்."

சாணக் கரைசல் என்று எழுதினார். அவளும் கையெழுத்து இட்டாள்.

மூன்றாம் நாள் டேங்கர் ஏறக்குறைய எட்டு டன் கொண்டுவந்தது.

[இந்த வாக்கியத்தை அவரிடம் படித்துக் காட்டியபோது கையை உயர்த்தி நிறுத்திவிட்டார். "ஏறக்குறைய எல்லாம் நம்மகிட்ட கிடையாது. ஏழாயிரத்து எண்ணூத்தி அறுபது கிலோ." திருத்திவிட்டேன்.]

ஏழாயிரத்து எண்ணூற்று அறுபது. நூற்று நாற்பது குறைந்தது. டேங்கர் ஓட்டுநர் தலையில் அடித்துக்கொண்டார். தராசு அசையவில்லை. பண்ணைக்குப் போன் போய், ஒரு மணி நேரம் கழித்து நாலு பழைய பால்கேன் நிறையச் சாணக் கரைசலை வைத்துக் கட்டிக்கொண்டு ஒரு சின்ன வண்டி வந்தது. எண்ணாயிரத்துப் பத்து. கையெழுத்து இட்டார்கள். அவள் சிரிப்பை அடக்க முடியாமல், "உங்களோட முடியல அண்ணா" என்றாள். அன்றைக்குத்தான் சார் போய் அண்ணா வந்தது.

அந்தப் பத்து நாளும் வாயு கொஞ்சமாகத்தான் ஊறியது. சமையலறைக்கும் வெந்நீருக்கும் போதாது.

"எதை நிறுத்தலாம்?" என்று கேட்டாள்.

"சமையல் விறகுல வெந்துடும். வலியில கிடக்கிறவங்களுக்குத் தண்ணி போகட்டும்மா."

சமையலறைக் குழாயை மூடினாள். பதினோராம் நாள் சுடர் மறுபடி முழ உயரத்துக்கு வந்தது. ஒரு மாதத்தில் ஆள் உயரம். ஒப்பந்தம் பிழைத்தது, வயிறும் பிழைத்தது.

மலர்க் குழு கேட்ட கதை இங்கே முடிந்துவிடுகிறது. முடித்திருந்தால் நானும் பிழைத்திருப்பேன்.

5

இதை எழுதாமல் இரண்டு நாள் தள்ளிப் போட்டேன்.

கதையை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, தராசு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். தணிக்கைப் பிரிவின் குறிப்பாணை. அனுமதிக்கப்பட்ட வகை சந்தைக் கழிவாக இருக்க, பத்துச் சீட்டுகளில் சாணக் கரைசல் என்று பதிந்தது யார் உத்தரவில்? பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும். விளக்கம் ஏற்கப்படும் வரை ஓய்வு ஆணை நிறுத்திவைக்கப்படுகிறது.

"முப்பத்துமூணு வருஷத்துல ஒரு சிவப்பு மை இல்ல" என்றார். "கடைசி மாசத்துல வருது பாருங்க." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கை மட்டும் தாளை நீவிக்கொண்டே இருந்தது.

அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். 'பாத்துச் செய்ங்க' அவரோடு போய்விட்டது.

அரசாங்கத் தாள்களில் மேலே 'பார்வை' என்று ஒரு பகுதி இருக்கும். எதை வைத்து இந்தக் கடிதம் பிறந்தது என்று அங்கே போடுவார்கள். கண் தற்செயலாக அங்கே போனது.

பார்வை 1: அரசு மருத்துவமனை, பெண்கள் வார்டு, புகார்ப் புத்தகம், பக்கம் 37.

அந்தப் பக்கத்தின் நகலும் பின்னால் இணைத்திருந்தது. 'இன்று குழாயில் வந்தது வெந்நீர் அல்ல, வெதுவெதுப்புக்கூட இல்லை. முதுகெலும்பு வரை வலியில் கிடப்பவர்களிடம் இந்த அலட்சியம் ஏன்? நாலு நாளாக இதே கதி. பொறுப்பானவர்கள் பதில் சொல்ல வேண்டும்.'

கையெழுத்து என்னுடையது.

அந்தக் காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. துண்டு பட்டதும் அக்கா 'அப்பாடா' சொல்லவில்லை. "ஏன்டி, பச்சைத் தண்ணியக் கொண்டுவந்து ஊத்தறே" என்று அழுதாள். எனக்கு ஆத்திரம். ஆயாவிடம் புத்தகம் வாங்கி எழுத்தாளர் திறமை முழுவதையும் காட்டினேன். அந்தப் புகார் மருத்துவத் துறைக்குப் போய், வாயு ஏன் குறைந்தது என்று அங்கிருந்து தணிக்கைக்குப் போய், அவர்கள் அந்த நாட்களின் சீட்டுகளைப் புரட்டியிருக்கிறார்கள். சந்தைக் கழிவு என்று பொய் எழுதியிருந்தால் கண்ணில் பட்டிருக்காது. உண்மை எழுதியதால் மாட்டிக்கொண்டார். மாட்டிவிட்டவள், நன்றி சொல்ல ஆளைத் தேடி வந்தவள்.

சொல்லிவிட்டேன். நகலை அவர் பக்கம் திருப்பி, கையெழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.

தராசு நகலை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "அட, நீங்கதானா அது! எழுத்து முத்து முத்தா இருக்கேன்னு நானும் மேடத்துக்கிட்டச் சொன்னேன்."

"நான் புகாரை வாபஸ் வாங்கிடறேங்க. இன்னைக்கே எழுதித் தர்றேன்."

"எதுக்கு? தண்ணி ஆறியிருந்துச்சா இல்லையா?"

"ஆறித்தான் இருந்துச்சு."

"அப்புறம் என்ன? நடந்ததை எழுதினீங்க. நானும் நடந்ததை எழுதினேன். உங்களுது வாபஸ்னா என்னுதையும் வாபஸ் வாங்கணுமே." டீயை எடுத்து வாயில் வைத்தார், ஆறியிருந்தது, முகத்தைச் சுளித்தார். "அக்கா இப்ப நடக்கறாங்களா?"

நடக்கிறாள் என்றேன். குச்சி இல்லாமலே நடக்கிறாள் என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். பிளாஸ்டிக் நாற்காலிக்காரி எழுந்து தண்ணீர் கொண்டுவந்து தந்தாள்.

6

முடிவுக்கு வருகிறேன். மலர்க் குழுவுக்காக ஒன்று எழுதினேன்: தணிக்கை அதிகாரி நேரில் வருகிறார், சுடரைப் பார்க்கிறார், கண்கலங்குகிறார், தராசுவைத் தழுவிக்கொள்—

[எந்தத் தணிக்கை அதிகாரி?]

எனக்காக ஒன்று எழுதினேன்: மாதக் கடைசி வருகிறது, ஆணை வரவில்லை, தராசு மர நாற்காலியைத் துடைத்துவிட்டு வெறுங்கையோடு படியிறங்கி— நாலு வரிக்கு மேல் கை ஓடவில்லை. பேனாவை மூடிவிட்டேன்.

பேரையும் இடத்தையும் தொழிலையும் மாற்றி, யாருக்கும் அடையாளம் தெரியாமல் எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "பேரு வேணாம்" என்றார். "எடைய மட்டும் மாத்திடாதீங்க."

உண்மையில் இதுவரை நடந்தது இவ்வளவுதான். விளக்கத்தை அவர் எழுதிவிட்டார். ஒரு முழுத் தாளில் இரண்டே வரி. 'வந்தது சாணக் கரைசல். சாணக் கரைசல் என்று எழுதினேன்.' இது போதாது, காரணங்களை விரிவாக எழுதுங்கள் என்று நான் மன்றாடினேன். காரணம் எழுதும் வேலை எழுத்தாளருடையது என்று சொல்லிவிட்டார். அதைத்தான் மேலே எழுதியிருக்கிறேன்.

தாளை உறையில் போடும் முன் ஆய்வகப் பொறுப்பாளர் பிடுங்கி, அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தையும் இட்டாள்.

"இது அரசாங்கக் காயிதம்மா. கம்பெனிக்காரங்க கையெழுத்து செல்லாது."

"ரெண்டு கையெழுத்து இல்லாம ஒண்ணும் உள்ள போகாதுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க, அண்ணா."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ரொம்ப நேரம் துடைத்தார். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

7

நேற்று மருத்துவமனைக்குப் போய் வந்தேன். ஆயா என்னை அடையாளம் கண்டு அக்காவை விசாரித்தாள். ஆறு மணிக் குழாயில் கை வைத்துப் பார்த்தேன், சுரீர் என்றது. புகார்ப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். பக்கம் 37-ஐ ஒன்றும் செய்யவில்லை. அதற்கு எதிர்ப்பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. நன்றி எழுத அந்தப் புத்தகத்தில் கட்டம் கிடையாது. 'புகார்' என்ற கட்டத்திலேயே எழுதினேன்: 'நாற்பத்தொரு நாளில் பத்து நாள் தண்ணீர் ஆறியிருந்தது. அந்தப் பத்து நாளும் அதுவாவது வர இரண்டு பேர் பாடுபட்டார்கள் என்று இப்போதுதான் தெரியும். அவர்களுக்கு என் அக்காவும் நானும் கடன்பட்டிருக்கிறோம்.' அந்தப் பக்கத்தின் நகல் அவர்களுடைய விளக்கத்தோடு இணைந்து போயிருக்கிறது.

குறிப்பாணைக்குப் பதில் இன்னும் வரவில்லை. மாதம் முடிய இருபத்துமூன்று நாள் இருக்கிறது. மலர் பத்து நாளில் வந்துவிடும் என்கிறார்கள். முதல் பிரதிகள் போகும் இடங்களின் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அமைச்சகம், தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பு, நூலகங்கள். ஒன்பதாவதாகத் தணிக்கைப் பிரிவு.

ஆகவே இதை வாசிக்கும் நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. யாரோ ஒரு வாசகராக இருக்கலாம். உறையைப் பிரித்து, கதையா என்று அலுத்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டியவராகவும் இருக்கலாம். யாராக இருந்தாலும், இவ்வளவு தூரம் கூட வந்ததற்கு நன்றி. முடிவை நான் எழுதவில்லை, எழுதும் அதிகாரம் எனக்கில்லை. சீட்டை மட்டும் கீழே வைக்கிறேன்.

நாள்: மூன்றாம் நாள்
எடை: 8,010 கிலோ
வகை: சாணக் கரைசல்
நகராட்சிக்காக: இட்டாயிற்று
கம்பெனிக்காக: இட்டாயிற்று
வார்டுக்காக: நான் இட்டிருக்கிறேன்
உங்கள் கையெழுத்து: ..............................

அவசரமில்லை. எடையைப் பார்த்துவிட்டு இடுங்கள்.